கதைக்கு முன் கொஞ்சம் பாட்டு

தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன். சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பு வீடு ஒன்றில், சிறு குழந்தைகளுக்குத் தமிழிலே கதை சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். அண்டை அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் சில கூடிச் செய்த ஏற்பாடு அது. தில்லிக் குளிர் நண்பர்கள் அறிந்ததே. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மூலையில் ஹீட்டரும் வைத்து, பன்னிரண்டு குழந்தைகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். கம்பளிச் சட்டையும் குல்லாயுமாக உருண்டை உருண்டையாக இருந்தார்கள். மூத்த குழந்தைக்கு மூன்றரை வயது, இளையதற்கு ஒன்றரை.

பேச்சுப் போட்டிகளில் இரண்டொரு பரிசு வாங்கியவன் நான். பன்னிரண்டு குழந்தைகள் எம்மாத்திரம் என்ற துணிவோடு, "ஒரு ஊரிலே ஒரு குரங்கு இருந்ததாம்" என்று ஆரம்பித்தேன். குரங்கு மரத்தில் ஏறுவதற்குள் ஒரு குழந்தை கட்டிலுக்கு அடியில் ஏறி, இல்லை, இறங்கிவிட்டது. இன்னொன்று தாயின் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு அழத் தொடங்கிற்று. அழுகை ஜலதோஷத்தைப் போல ஒட்டுவதாயிற்றே! மூன்று குழந்தைகள் காரணம் தெரியாமலே சேர்ந்து அழுதன. ஒரு சிறுவன் என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தான். முதலை வருமுன்பே கதை முடிந்துவிட்டது.

அந்த வீட்டுப் பாட்டியம்மாள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாரையும் அதட்டவில்லை, "சத்தம் போடாதே" என்றும் சொல்லவில்லை. ஜமக்காளத்தின் நடுவில் காலை நீட்டி அமர்ந்து, தமக்குத் தாமே பாடுவது போல, சாய்ந்தாடும் பாட்டு ஒன்றை எடுத்தார். நாம் எல்லாரும் மடியிலிருந்து கேட்ட பாட்டுத்தான். இரண்டாம் முறை பாடும்போது ஒரு குழந்தை ஆடிற்று. நாலாம் முறை பாடும்போது ஏழு ஆடின. அதன்பின் கைவீசும் பாட்டு; அதன்பின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல்விரலாய்ப் பங்கிட்டு, நண்டும் நரியும் அக்குள்வரை ஊரும் விளையாட்டு. சிரிப்பு அடங்கியதும் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, இலை போடாம சோறு போட்டா எங்கே போய் விழும்? இப்ப சொல்லு உன் கதையை" என்றார்.

அன்று நான் கதையைப் பாதிதான் சொன்னேன், நேரமாகிவிட்டது. ஆனால் அந்தப் பாதியைப் பத்துக் குழந்தைகள் கேட்டார்கள். பாட்டு என்ன செய்தது என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத் தோன்றியது. பின்னர்ப் படித்ததையும் பார்த்ததையும் நம் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

குழந்தை கதை கேட்க வேண்டுமானால், முதலில் அது ஒரு கூட்டத்தில் ஒருவனாக அமர வேண்டும். இது எளிய செயல் அன்று. வீட்டில் அது தனியரசு செலுத்தும் மன்னன். மடி அதற்கே உரியது. கதையும் அதற்கே உரியது. வேண்டாமென்றால் புத்தகத்தைத் தட்டிவிடவும் உரிமையுண்டு. அப்படிப்பட்ட பன்னிரண்டு மன்னர்களை ஒரே பாயில் இருத்தி, அறியாத ஒருவன் வாயையே பார்த்திரு என்பது பெரிய கோரிக்கை. அதிலும் தில்லியில் இன்னொரு தொல்லை உண்டு. கதை சொல்லப்படும் மொழியே குழந்தைக்குப் பாதிதான் சொந்தம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விளையாட்டுத் தோழரோடு இந்தி, மழலையர் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் தமிழ் என்பது இங்குள்ள வழக்கம். ஆனால் அந்த வீட்டுத் தமிழைக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "சாப்பிடு, தூங்கு, தொடாதே, செருப்பைப் போடு, ஆபீசுக்கு நேரமாச்சு." பெரும்பகுதியும் ஏவல்! இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் அதற்கு மேல் பேச நேரம் ஏது? ஆகவே, தமிழ் என்றால் கட்டளையிடும் மொழி என்றும், வேடிக்கைக்கு உரியது வேறு மொழி என்றும் குழந்தை முடிவு செய்துவிடுகிறது. பள்ளி வயது வந்தபின் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஆனால் அந்த வாயிலுக்கு வருவதற்கு முன்பே, இரண்டிலும் மூன்றிலுமே, குழந்தையின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

உத்தியோகக் குடும்பங்களை மட்டும் நினைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி முகாம், நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் மாதத்தில் இடிக்கப்பட்டதை அறிவீர்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து வாழ்ந்த தமிழர்கள் மிகுதியாக இருந்த இடம் அது. தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. முகாமில் இருந்தவரை, குழந்தைக்குத் தமிழ் தெருவிலேயே கிடைத்தது. யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தெரு சிதறினால் அந்தப் பேச்சும் சிதறும். அப்படிச் சிதறியவர்களின் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழ்க் கதை என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று.

இனி, பாட்டின் வேலையைப் பார்ப்போம். கதை பொருளால் நடப்பது. சொல் விளங்காவிட்டால் கதை இல்லை. பாட்டுக்கோ பொருள் பிறகு வந்தால் போதும். ஓசையே முதலில் வந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளும். கனடா நாட்டில், மான்ட்ரியால் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பேச்சையும் பாட்டையும் ஒலிக்கச் செய்து, எது அதிக நேரம் அழாமல் வைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். பிரெஞ்சு பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் வேண்டுமென்றே துருக்கி மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சு, அது கொஞ்சும் பேச்சாகவே இருந்தாலும், சுமார் 4 நிமிடம்தான் தாங்கியது. பாட்டோ ஏறக்குறைய 9 நிமிடம் தாங்கியது! பழகாத மொழி, முகம் தெரியாத குரல். எனினும் இரட்டிப்புக்கு மேல். மடிக்குழந்தையைப் பற்றிய ஆய்வை ஓடித் திரியும் குழந்தைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் மொழி பாதி தெரிந்த பிள்ளையைத் தமிழுக்குள் அழைக்க எந்த வாசல் அகலமானது என்பதை இது காட்டுகிறது.

மற்றோர் ஆய்வும் உண்டு. அதே நாட்டில், மெக்மாஸ்டர் பல்கலைக் கழகத்தில் செய்தது, 2014-இல் வெளிவந்தது. பதினான்கு மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கி வைத்துக்கொண்டு இசைக்கு ஏற்ப மெல்லக் குதிக்கச் செய்தார். எதிரே நின்ற பெண்மணி, சில குழந்தைகளோடு தாளம் ஒத்துக் குதித்தார். சிலவற்றோடு தாளம் தவறிக் குதித்தார். பிறகு அந்தப் பெண்மணி ஏதோ ஒரு பொருளைக் கை தவறியது போல விழவிட்டார். தாளம் ஒத்து ஆடிய குழந்தைகளே மிகுதியாக அதை எடுத்துக் கொடுத்து உதவின. சேர்ந்து ஆடியவரை நம்மவர் என்று குழந்தை கொள்கிறது போலும். நான் அன்று அந்நியனாக நின்று கதையை வீசினேன். பாட்டி முதலில் ஆடி, நம்மவர் ஆனார்.

ஆய்வுக்கூடம் வந்துதான் இதைச் சொல்ல வேண்டுமா என்று தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள் அல்லவா? ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டையொட்டி நடந்து வருவது வருகை. அதற்கும் பின்னால், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது அம்புலி. ஆட்டம், கைதட்டல், நடை, பிறகு தன்னைவிட்டு வெளியே உள்ள ஒன்றை நோக்குதல் என்ற வரிசையைக் கவனியுங்கள். நிலவை நோக்கும் கண்ணே கதை கேட்கவும் அணியமான கண். நான் சப்பாணியைத் தாண்டி நேரே அம்புலிக்குப் போனவன்! புலவர்கள் பாடியது தெய்வத்தையும் மன்னரையும் குழந்தையாகப் பாவித்துத்தான். ஆனால் அவர்கள் பார்த்துப் பழகியது தம் வீட்டுத் திண்ணையில் தவழ்ந்த குழந்தையைத்தான்.

குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவின் 'திவாஸ்வப்னம்' என்னும் நூலைப் படித்தவர்கள் இங்கே ஓர் ஐயம் எழுப்பக்கூடும். அதில் வரும் ஆசிரியர், முதல் நாள் வகுப்பில் அமைதி விளையாட்டு ஆடச் சொல்லித் தோற்கிறார். மறுநாள் கதையை எடுக்கிறார். முரட்டுப் பிள்ளைகள் அடங்கிக் கேட்கிறார்கள். அங்கே பாட்டு இல்லாமல் கதையே கூட்டத்தைக் கட்டிப்போட்டதே என்றால், அவர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள். உட்காரத் தெரிந்தவர்கள். கதை என்றால் என்ன, அது எங்கே போகும் என்ற ருசி கண்டவர்கள். இரண்டு வயதுக்கு அந்த ருசியை இனிமேல்தான் காட்ட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் பல வாரங்கள் அங்கே போனேன். பாட்டியிடம் பாடம் கேட்டேன் என்றும் சொல்லலாம். கற்றதில் முதன்மையானது, பெயர். ஒவ்வொரு குழந்தையும் வரும்போதே அதன் பெயரைப் பாட்டில் வைத்துவிட வேண்டும். நாங்கள் கட்டிக்கொண்ட பாட்டு இது; கவிநயம் எதிர்பார்க்க வேண்டாம்:

யாரு வந்தா? யாரு வந்தா?
கதவைத் தட்டி யாரு வந்தா?
மீனா வந்தா! மீனா வந்தா!
பாயில் வந்து குந்திக்கிட்டா!

மீனாவின் இடத்தில் அந்தந்தப் பெயரை வைக்கலாம், பையனானால் 'வந்தான்'. தன் பெயர் பத்துப் பேர் வாயில் ஒலிப்பதைக் கேட்ட குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! வாசலில் நின்றது, கடைசி அடி வரும்போது தானே வந்து 'குந்திக்'கொள்ளும். உட்கார் என்று நாம் சொல்லவே இல்லை, பாட்டு சொல்லிற்று. 'குந்து' என்பது கொச்சை என்று ஒரு தந்தை முகம் சுளித்தார். 'அமர்ந்தாள்' என்று மாற்றிப் பாடிப் பார்த்தோம். குழந்தைகள் அமரவில்லை.

அடுத்தது, வேகம். இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். குதிக்கும் பாட்டு, கூச்சலிடும் பாட்டு என்று உற்சாகத்தை ஏற்றிவிட்டு, உச்சியில் நிறுத்தி, "இப்போது கதை" என்றால் என்ன ஆகும்? ஓடுகிற ரயிலிலிருந்து இறங்கச் சொன்னது போலத்தான். பாட்டே அவர்களை மேலே ஏற்றவும் வேண்டும். பாட்டே இறக்கிக் கொண்டுவரவும் வேண்டும். மாசி பங்குனியில் தில்லிச் சாலைகளில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பதைப் பார்த்து இதைக் கட்டினோம்:

காத்தடிச்சா மரம் ஆடும் — ஆடு ஆடு!
காத்து நின்னா மரம் நிக்கும் — நில்லு நில்லு!
இலை ஒண்ணு விழுது விழுது — மெல்ல... மெல்ல...
தரையில வந்து தூங்குது — உஷ்... உஷ்...

முதலடியில் எல்லாரும் நின்று கைகளை உயர்த்தி ஆடுவார்கள். இரண்டாமடியில் சட்டென்று நிற்பார்கள். நிற்பதிலும் ஓர் இன்பம் இருக்கிறது. மூன்றாமடியில் குரலைத் தாழ்த்தி, ஓசையை நீட்டி, கை இறங்க, முழங்கால் மடங்க, உடம்பு தரைக்கு வந்துவிடும். நாலாமடியைக் காதோடு சொல்வது போலச் சொல்ல வேண்டும். அந்த 'உஷ்' அதட்டல் அன்று, காற்றின் ஓசை. அதன் பின்னர் வரும் இரண்டு மூன்று வினாடி அமைதி இருக்கிறதே, அதுதான் கதையின் முதல் சொல்லுக்கு உரிய இடம். அதைத் தவறவிட்டு, புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தால் போயிற்று! புத்தகம் முன்னமே மடியில் இருக்க வேண்டும்.

கதை தொடங்கிய பிறகும் பாட்டு முற்றிலும் ஓய்ந்துவிடுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்காது. அதற்கும் ஒரு வேலை வேண்டும். இங்கே தமிழ் நமக்கு அள்ளிக் கொடுக்கிறது. தொல்காப்பியரே இலக்கணம் வகுத்த இரட்டைக் கிளவிகள் இருக்கின்றனவே! ஆறு சலசல, மழை சடசட, வண்டி கடகட. கதையில் ஆறு வரும்போதெல்லாம் 'சலசல' என்று சொல்வது குழந்தைகளின் பங்கு. என் குரங்குக் கதையில் மறுமுறை முதலை 'சரசர' என்று நீரில் வந்தது; ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு ஜோடிக் கைகள் சரசரவென்று ஜமக்காளத்தைத் தேய்த்தன. பொருள் தெரியாத சொல்லைக் கூடச் செயலால் கண்டுகொண்டார்கள். 'கிளை' என்ற சொல் ஒருத்திக்குத் தெரியவில்லை. ஆனால் மரமாக ஆடியபோது தூக்கிய கையே கிளை என்று காட்டினேன். அடுத்த வாரம் தன் கையைத் தூக்கி "கிளை" என்றாள்.

மொத்தம் இருபது நிமிடத்திற்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் அனுபவம். பாட்டு பத்து, கதை ஐந்தாறு, மீண்டும் விடைபெறும் பாட்டு. வாரம் தோறும் புதுப்பாட்டு வேண்டும் என்று நினைப்பது பெரியவர்களின் சலிப்பு. குழந்தைக்கு அதே பாட்டு, அதே வரிசை, அதே முடிவு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அதற்குத் துணிவு. மாதத்துக்கு ஒரு பாட்டைக் கூட்டினால் போதும். பாடல் வேண்டுவோர்க்கு அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் 1922-இல் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடிய அவர், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் நிறுவினார். அவர் பாடல்களில் ஓசை தவறாமல் வந்து விழுவதால், அடியின் கடைசிச் சொல்லைக் குழந்தைகளே ஊகித்து முடித்துவிடுகிறார்கள்.

"எனக்குப் பாட வராதே!" என்று நண்பர்கள் பலர் பின்வாங்குகிறார்கள். சங்கீதம் இங்கே தேவையில்லை. நம் மடிப்பாட்டுகள் மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் அடங்கியவை. சுருதி விலகினால் கண்டுபிடிப்பது அருகிலிருக்கும் மாமிதான், குழந்தை அன்று. அதற்காகக் கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பதும் சரியாகாது. அதையும் ஒரு வாரம் செய்து பார்த்தோம். குழந்தைகள் அமைதியாகத்தான் இருந்தார்கள். ஆனால் எல்லார் கண்ணும் அந்தப் பெட்டியின்மீது, ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதை நிறுத்தியதும் எழுந்த ஓலத்தைச் சொல்லி முடியாது. கைப்பேசிக்குக் குழந்தையின் முகம் தெரியாது. ஒன்று அழப்போகிறது என்று கண்டு வேகத்தைக் குறைக்கவும், ஒன்று சிரிக்கிறது என்று கண்டு அந்த அடியை இன்னொரு முறை பாடவும் மனிதக் குரலால்தான் முடியும்.

இதே தலைநகரில் இதைவிடக் கடினமான நிலையில் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், தாய்மார் செங்கல் சுமக்க, குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் என்ற அம்மையார் ஒரு கூடாரம் அமைத்தார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. கட்டடம் எழும் இடமெல்லாம் கூடவே போகும் காப்பகம் அது. கட்டட வேலைக்கு எத்தனையோ மாநிலத்தார் வருகிறார்கள். அவர்கள் குழந்தைகளின் பேச்சும் அத்தனை வகை. வேலை முடிந்தால் குடும்பம் போய்விடும், புதுக்குழந்தை வரும். பொது மொழி ஒன்று வரும்வரை காத்திருக்க நேரமில்லாத அத்தகைய இடத்தில் கையசைத்துப் பாடும் பாட்டைவிட வேறு எது உதவும்?

நம் பல்கலைக் கழகத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன் 1947 முதல் 1955 வரை இங்கே நூலகவியல் கற்பித்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. வாசகர் என்பதில் எழுத்தறியாத இரண்டு வயதும் அடங்கும் என்று நான் கொள்கிறேன். அந்த வயது வாசகர் தம் நூலை அடையும் வழி, பிறர் குரல்தான். விடுதி மாணவர்களில் ஞாயிறு காலை பத்து மணிக்கு எழுந்திருக்க மனமுள்ள நாலைந்து பேர் சேர்ந்தால், இராமகிருஷ்ணபுரத்தோடு நில்லாமல் நரேலாவுக்கும் போகலாம். ஒரு ஜமக்காளமும் நாலு பாட்டும் போதும். தொலைவுதான் அதிகம், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாள் கட்டிலுக்கு அடியில் புகுந்த குழந்தையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நாலு வாரம் அவன் அங்கேயே இருந்தான். நாங்கள் இழுக்கவில்லை, பெயர்ப்பாட்டில் மட்டும் அவன் முறை வரும்போது கட்டிலைப் பார்த்துப் பாடினோம். ஐந்தாம் வாரம் தலை வெளியே தெரிந்தது. இன்றுவரை பாயில் அவன் வாய் திறந்ததில்லை. ஆனால் காலையில் காய்கறி வண்டிக்காரர் தெருவில் குரல் கொடுத்தால், வீட்டு மாடத்தில் நின்று, "யாரு வந்தா? யாரு வந்தா?" என்று அவருக்கும் சேர்த்து உரக்கப் பாடுகிறானாம். வண்டிக்காரர் பீகாரைச் சேர்ந்தவர். அவரும் இப்போது இரண்டாமடி வரை கற்றுக்கொண்டுவிட்டார் என்று அவன் தாயார் சொன்னார்.